வெள்ளைக்கட்டை, கறுப்புக்கட்டை: கீபோர்டு கேள்வி பதில்

சென்ற மாதம் இந்தப் பகுதியில், "கீபோர்டில் வருகிற ஸ்டைல் பிடிக்கவில்லையென்றால் நீங்களே ஒன்று பதிந்துகொள்ளுங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். ஸ்டைல் என்றால், இடது கையில் ஒரு கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக்கூட்டம்) பிடித்ததும் அதற்கேற்பத் தானாக ஓடும் தாளமும் பக்கவாத்தியமும். அந்த ஒரு வரிக்கு வந்த கேள்விகளே இந்த மாதத்துக்குப் போதும். பெடல் பற்றியும் அடாப்டர் பற்றியும் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: பழைய யமஹா பிஎஸ்ஆர்-எஸ்670 ஒன்றை வாங்கியிருக்கிறேன். எங்கள் ஊர்க் கும்மிப் பாட்டுக்கு ஒத்துவரும் ஸ்டைல் அதில் இல்லை. நானே பதியலாம் என்று பார்த்தால், தாளம் எண்ணும் மெட்ரோனோம் ஓட ஆரம்பித்ததும் கை தடுமாறுகிறது. ஸ்டெப் ரெக்கார்டிங் என்று ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்களே, அது எனக்கு உதவுமா? — சிவகாசி வாசகர்

உதவும். கை தடுமாறுகிறது என்று வெட்கப்படவும் வேண்டாம். முப்பது வருடமாக மெல்லிசைக் கச்சேரிகளில் வாசிக்கிறேன். டிரம்ஸைக் கீபோர்டு கட்டைகளில் அடிக்கச் சொன்னால் எனக்கும் இரண்டாவது சுற்றில் விரல் பின்னிக்கொள்ளும்.

நீங்கள் முயன்றது ஓட ஓடப் பதிவது. பேட்டர்ன் சுற்றிச் சுற்றி வரும், அதன்மேல் நீங்கள் வாசித்துக்கொண்டே போக வேண்டும். ஸ்டெப் ரெக்கார்டிங்கில் கீபோர்டு உங்களுக்காக நின்று காத்திருக்கும். ஓர் அடி வைத்துவிட்டுப் போய் டீ குடித்து வந்து அடுத்த அடியை வைத்தாலும் அது கோபித்துக்கொள்ளாது. இது புதிய வித்தையும் இல்லை. 1977இல் ரோலண்ட் கொண்டுவந்த எம்சி-8 என்ற பெட்டியில் வாசிக்கக் கட்டைகளே கிடையாது. கால்குலேட்டர் மாதிரி எண் பொத்தான்கள்தான். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அதன் உயரம், அடுத்த ஸ்வரம் வரும்வரை எவ்வளவு இடம், அந்த இடத்தில் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்று எண்களைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். உங்கள் எஸ்670-இல் கேட்கப்போவதும் அதே மூன்று விஷயம்தான். கூடுதலாக, எவ்வளவு அழுத்தி அடிப்பது என்பது நான்காவது.

முதலில் கீபோர்டை ஆஃப் செய்யுங்கள். சின்னப் பிள்ளைகள் கணக்குப் போடும் கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். என்னிடம் அப்படிப் பதினோரு நோட்டு இருக்கிறது. கும்மியை வாயால் சொல்லிப் பாருங்கள்: "தான தான". தா நெடில், இரண்டு மாத்திரை. ன குறில், ஒரு மாத்திரை. இரண்டும் ஒன்றும் மூன்று, மறுபடி இரண்டும் ஒன்றும் மூன்று, ஆக ஆறு. பள்ளியில் தமிழ் ஐயா சொல்லிக்கொடுத்த மாத்திரைக் கணக்கே இங்கே போதும். நோட்டில் வரிசைக்கு ஆறு கட்டம் எடுத்து 1, 3, 4, 6 ஆகிய கட்டங்களில் புள்ளி வையுங்கள். 2, 5 காலி. இதுதான் 6/8.

இனிமேல்தான் கீபோர்டு. ஸ்டைல் கிரியேட்டருக்குள் போய்ப் புதிய ஸ்டைல் எடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் டைம் சிக்னேச்சர் என்ற தாளக் கணக்கை 6/8 ஆக்குங்கள், பாதி பதிந்த பிறகு மாற்றினால் வீண் வேலை. பேட்டர்ன் நீளம் 2 பார் போதும். பார் என்றால் இங்கே ஆறு கட்டம் கொண்ட ஒரு வரிசை. ஆளுக்கொரு வாத்தியம் மாதிரி மொத்தம் எட்டு சேனல் இருக்கும்: ரிதம் இரண்டு, பேஸ், கார்டு இரண்டு, நீண்டொலிக்கும் பேட், சின்னச் சின்ன மெட்டுக்கு ஃப்ரேஸ் இரண்டு. எட்டையும் நிரப்பியே ஆக வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். கும்மிக்கு மூன்று சேனல் தாராளம்.

ரிதம் சேனலை எடுத்து, ஸ்டெப் பக்கத்துக்குப் போய், பேஸ் டிரம் கட்டையை "தா"வுக்குக் கால் நோட்டு அளவில் ஒருமுறை அழுத்துங்கள். "ன"வுக்கு அரைக்கால் நோட்டு அளவை எடுத்து, டாம்பரின் கட்டையை ஒருமுறை. இப்படியே இரண்டு பாரும் முடிந்ததும் மேலே முதல் இடத்துக்குத் திரும்பி, கைத்தட்டல் ஒலியை இரண்டு "தா"விலும் வையுங்கள். கைத்தட்டல் இல்லாமல் கும்மி ஏது?

அப்படியே ஓடவிட்டுக் கேட்டால் தையல் மெஷின் ஓடுகிற மாதிரி இருக்கும். எல்லா அடியும் ஒரே பலத்தில் விழுவதுதான் காரணம். ஸ்டெப் பக்கத்தில் வெலாசிட்டி என்று ஒரு தேர்வு உண்டு, முன்பு சொன்ன அந்த நான்காவது விஷயம். பலத்திலிருந்து மெதுவுக்கு இறங்கும் இசைக் குறியீடுகளில் அது இருக்கும். யமஹாவில் எஃப்எஃப் என்றால் 111, எஃப் என்றால் 95, எம்பி என்றால் 63, பி என்றால் 47. முதல் தாவுக்கு 111, அதன் னவுக்கு 63, இரண்டாவது தாவுக்கு 95, கடைசி னவுக்கு 47 கொடுத்துப் பாருங்கள். அதே நான்கு அடிதான், ஆனால் குனிந்து நிமிர்ந்து தட்டுகிற மாதிரி வரும். ஸ்டெப் ரெக்கார்டிங்கில் உயிர் இல்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு பொத்தானைத் தொடாதவர்கள்.

அடுத்து பேஸ். ரிதம் சேனலில் ஏற்கெனவே இருக்கிற பேட்டர்ன் மேலேயே நீங்கள் கூடுதலாகப் பதியலாம். பேஸ் முதல் ஃப்ரேஸ் வரை அப்படி இல்லை, உள்ளே இருப்பதை அழித்துவிட்டுத்தான் பதிய முடியும். முதல் தாவுக்கு கீழ் சி, இரண்டாவது தாவுக்கு ஜி, அவ்வளவே. கேட் டைம் என்ற இடத்தில் நார்மல் என்றால் கொடுத்த அளவில் 80 சதவீதம் ஒலிக்கும், ஸ்டக்காட்டோ என்றால் 40. பேஸுக்கு நார்மல். கார்டு சேனலில் இரண்டு "ன"விலும் சி-ஈ-ஜி வையுங்கள், ஸ்டக்காட்டோ. நீளமாக விட்டால் பாட்டின் வரிகளை மூடிவிடும்.

சேவ் செய்யுங்கள். ஒவ்வொரு சேனல் முடிந்ததும் சேவ் செய்யுங்கள். வத்தலக்குண்டு பக்கம் ஒரு மாரியம்மன் கோயில் திருவிழாவில் இரவுக் கச்சேரிக்காக, மதியம் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் ஒரு ஸ்டைல் செய்தேன். பாட்டோடு ஓடும் மெயின் ஏ, மெயின் பி, நடுவே ஒரு பார் வந்து போகும் ஃபில் இன் எல்லாம் தயார். கடைசியாக ஒருமுறை கேட்டுவிட்டு சேவ் செய்வோம் என்று ப்ளே அழுத்தினேன். தலைக்குமேல் மின்விசிறி நின்றது. கரன்ட் வந்தபோது கீபோர்டு ஒன்றுமே தெரியாத பச்சைப்பிள்ளை மாதிரி விழித்தது. அன்று இரவு பழைய ஸ்டைலில்தான் வாசித்தேன். நோட்டு கையில் இருந்ததால் மறுநாள் நாற்பது நிமிடத்தில் திரும்பப் பதிந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: நான் பதிந்த ஸ்டைல் சி கார்டில் அருமையாக இருக்கிறது. ஏ மைனர் பிடித்தால் பேஸ் திடீரென்று மேலே ஏறிப் புல்லாங்குழல் மாதிரி கத்துகிறது. ஃப்ரேஸில் ஒரு ஸ்வரம் மட்டும் எல்லா கார்டிலும் இடிக்கிறது. கீபோர்டில் கோளாறா? — தேனி வாசகர்

கோளாறு இல்லை, நீங்கள் அதனிடம் இரண்டு விஷயம் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

இடிக்கிற ஸ்வரத்தை முதலில் பார்ப்போம். யமஹா ஸ்டைல் பதியும்போது, வேறெதுவும் சொல்லாவிட்டால், நீங்கள் வாசிப்பது சி மேஜர் செவன்த் கார்டுக்கான வாசிப்பு என்றே எடுத்துக்கொள்ளும். அதிலுள்ளவை சி, ஈ, ஜி, பி. நம் கணக்கில் ச, க, ப, நி. கார்டு, பேட் சேனல்களில் இந்த நான்கோடு நிறுத்துங்கள். பேஸிலும் ஃப்ரேஸிலும் ரியும் தவும் சேர்க்கலாம். "ம" வேண்டாம். நீங்கள் ஃப்ரேஸில் எஃப் கட்டையைத் தொட்டிருப்பீர்கள், பந்தயம் கட்டுகிறேன். கவுக்கு அடுத்த வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு அது எந்தக் கார்டு வந்தாலும் கூடவே வந்து இடிக்கும். இன்ட்ரோவுக்கும் எண்டிங்குக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை, அங்கே எந்த ஸ்வரமும் வாசிக்கலாம்.

மைனரிலேயே யோசித்து மைனரிலேயே பதிய வேண்டுமென்றால், பதிவதற்கு முன் சோர்ஸ் கார்டு என்ற இடத்தில் சி மைனர் செவன்த் என்று மாற்றிவிட்டுப் பதியுங்கள். அதைச் சொல்லாமல் மைனரில் வாசித்துவைத்தால் பிறகு எந்தக் கார்டைப் பிடித்தாலும் குழப்பம்தான்.

பேஸ் கத்துவதற்குக் காரணம் ஹை கீ, அதாவது எந்தக் கார்டு வரை மேலே ஏறலாம் என்ற எல்லை. சியில் பதிந்த பேஸ், ஏ கார்டுக்கு அப்படியே மேலேறி ஏவுக்குப் போகிறது. ஹை கீயை எஃப் என்று வையுங்கள். எஃப் வரைக்கும் மேலே ஏறும், எஃப் ஷார்ப்பிலிருந்து ஒரு ஸ்தாயி கீழே இறங்கி ஒலிக்கும். ஏ மைனர் அடிவயிற்றிலிருந்து வரும்.

அங்கேயே என்டிஆர் என்று ஒரு வரி இருக்கும், கார்டு மாறும்போது ஸ்வரங்கள் எப்படி இடம் மாற வேண்டும் என்பதற்கான விதி அது. பேஸுக்கு ரூட் டிரான்ஸ், கார்டு சேனலுக்கு ரூட் ஃபிக்ஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரூட் டிரான்ஸில் சி-ஈ-ஜி என்பது எஃப் கார்டில் எஃப்-ஏ-சி ஆகி மொத்தமாக மேலே தாவும். ரூட் ஃபிக்ஸ்டில் சி-எஃப்-ஏ ஆகும், சி இருந்த இடத்திலேயே இருக்கும். ஆர்மோனியத்தில் கை பழகியவர்கள் கார்டு மாற்றும்போது கையைத் தூக்கிப் போட மாட்டார்கள், பக்கத்து விரலை மட்டும் நகர்த்துவார்கள். அதே விஷயம்தான்.

கேள்வி: டப்பாங்குத்தை ஓட ஓட வாசித்துப் பதிந்தேன். நன்றாகத்தான் இருந்தது. சுத்தமாக இருக்கட்டும் என்று, அடிகளை அருகிலுள்ள சரியான இடத்துக்கு இழுக்கும் குவான்டைஸ் கொடுத்தேன், குத்தே போய்விட்டது. சில அடி முந்துகிறது, சில அடி பிந்துகிறது. சரியாக்கத்தானே குவான்டைஸ்? — மதுரை வாசகர்

எனக்குப் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் எண்ணைப் பார்க்கலாம், பயப்பட வேண்டாம்.

யமஹா ஒரு கால் நோட்டை 1920 துண்டாக வெட்டி வைத்திருக்கிறது. ஸ்டெப் பக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் எதிரே பார், பீட், அதற்கப்புறம் ஓர் எண் தெரிகிறதே, அந்த எண்தான் இது. சரிபாதி 960. கால் கால் ஆகப் பிரித்தால் 480, 960, 1440. மூன்றாகப் பிரித்தால் 640, 1280.

குத்து ஆடுகிற தாளம். அதன் இரண்டாவது அடி சரிபாதியிலும் விழாது, மூன்றாகப் பிரித்த இடத்தில் கச்சிதமாகவும் விழாது. அந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ விழும், அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். நீங்கள் நன்றாகவே வாசித்திருக்கிறீர்கள். உங்கள் அடிகள் 1180, 1230, 1210, 1190 என்று விழுந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பதினாறில் ஒன்று என்ற குவான்டைஸைக் கொடுத்திருக்கிறீர்கள். அதற்குத் தெரிந்த இடங்கள் 960ம் 1440ம்தான், இரண்டுக்கும் நடுப்புள்ளி 1200. ஆகவே 1180ஐப் பிடித்து 960க்கு இழுக்கும். 1230ஐ 1440க்குத் தள்ளும். காதுக்கு ஒன்றாகக் கேட்ட நான்கு அடியை இரண்டு கட்சியாகப் பிரித்துவிட்டது. முந்துவதும் பிந்துவதும் அதனால்தான்.

குவான்டைஸைத் திரும்ப எடுத்துவிட முடியுமானால் எடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் மறுபடி வாசியுங்கள், இந்த முறை குவான்டைஸ் தொடாமல் ஸ்டெப் பக்கத்தைத் திறந்து, காதுக்கு உறுத்துகிற அடியை மட்டும் எண்ணை மாற்றி நகர்த்துங்கள். நான் செய்வது வேறு வழி. மூன்றாகப் பிரிக்கும் குவான்டைஸ் கொடுத்து எல்லாவற்றையும் 1280இல் நிறுத்துவேன். அப்புறம் அவற்றை ஒவ்வொன்றாக 1230, 1240 பக்கம் இழுப்பேன். பேஸ் டிரம் மட்டும் 0வில் அசையாமல் நிற்கும். எங்கள் குழுவில் டோலக் வாசிக்கும் நண்பரை உட்காரவைத்து, "ஆடத் தோணுதா?" என்று கேட்பேன். அவர் தலை தானாக ஆடினால் சரி. "நல்லாருக்கு" என்று வாயால் சொன்னால் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் மிருதங்கத்துக்கு ஆள் இல்லாத நாட்களுக்கு மிஸ்ர சாப்பு ஒன்றும், கூடவே தம்புரா மாதிரி ஒரு சுருதியும் கீபோர்டில் பதிந்துகொள்ள முடியுமா? — கும்பகோணம் வாசகி

முடியும் அம்மா. தகிட தகதிமி, மூன்றும் நாலும் ஏழு. டைம் சிக்னேச்சர் பட்டியலில் 7/8 இருந்தால் அதை எடுத்து நேராகப் பதிந்துவிடுங்கள்.

இல்லையென்றால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. 4/4இலேயே பேட்டர்ன் நீளத்தை 7 பார் என்று வையுங்கள். ஒரு பாருக்கு எட்டு அரைக்கால், ஏழு பாருக்கு ஐம்பத்தாறு. ஏழெட்டு ஐம்பத்தாறு! ஆக மிஸ்ர சாப்பு எட்டு முறை மிச்சமில்லாமல் உள்ளே உட்காரும். ஓட ஓடப் பதிந்தால் மெட்ரோனோம் நாலுநாலாக எண்ணி நம்மைக் கெடுத்துவிடும். ஸ்டெப் ரெக்கார்டிங்கில் அந்தத் தொல்லையே இல்லை. முதல் சுற்று முதல் பாரின் தொடக்கம். இரண்டாவது சுற்று அதே பாரின் நாலாவது பீட், 960. மூன்றாவது, இரண்டாம் பாரின் நாலாவது பீட், 0. நாலாவது, மூன்றாம் பாரின் மூன்றாவது பீட், 960. இப்படியே அரை அரை பீட்டாக முன்னால் நகர்ந்து, எட்டாவது சுற்று ஏழாம் பாரின் முதல் பீட்டில் 960இல் தொடங்கி, பாரோடு சேர்ந்து முடியும். கண்ட சாப்புக்கும் இதே கணக்கு: 5 பார், எட்டு சுற்று.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஃபில் இன் எப்போதும் ஒரு பார்தான், அதை நீட்ட முடியாது. பாட்டின் நடுவே அந்தப் பொத்தானில் கை பட்டால் எட்டு அரைக்கால் உள்ளே புகுந்து தாளம் தறிகெட்டுவிடும். பிள்ளைகளை அந்தப் பொத்தானிடமிருந்து தள்ளி உட்காரவையுங்கள்.

சுருதிக்கு பேட் சேனல். தந்தி ஒலி ஒன்றை எடுத்து, ப, மேல் ச, மேல் ச, கீழ் ச என்று நாலு ஸ்வரத்தை நீளமாக வையுங்கள். கேட் டைம் டெனுட்டோ, அதாவது கிட்டத்தட்ட முழு நீளமும் ஒலிக்கும். பிறகு அந்தச் சேனலுக்கு மட்டும் என்டிஆர் ரூட் ஃபிக்ஸ்ட், அதன் கீழே ஸ்வரங்களை மாற்றும் அட்டவணையான என்டிடியில் பைபாஸ். இந்த இரண்டும் சேர்ந்தால் இடது கை எந்தக் கார்டைப் பிடித்தாலும் சுருதி அசையாது. ஹிந்தோளம் மாதிரி ப இல்லாத ராகங்களுக்கு, மெயின் பியில் பவுக்குப் பதில் ம வைத்து இன்னொன்று செய்துகொள்ளுங்கள். சியில் பதிந்தால் அது ஒரு கட்டை சுருதி. பெண்பிள்ளைகள் ஐந்து கட்டையில் பாடுவதானால் சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸில் 7 கூட்டுங்கள், அல்லது 5 குறையுங்கள்.

கேள்வி: ஒவ்வோர் அடியாக வைத்துப் பதிவது ஏமாற்று வேலை, வாசிக்கத் தெரியாதவன் செய்வது என்கிறார் எனக்குக் கீபோர்டு சொல்லித்தரும் அண்ணன். உண்மையா? — நாகர்கோவில் வாசகர்

அண்ணனிடம் ஒரு கட்ட நோட்டையும் பேனாவையும் கொடுத்து, அவர் தினமும் வாசிக்கிற ஏதாவது ஒரு தாளத்தை எழுதிக்காட்டச் சொல்லுங்கள். எழுதிவிட்டார் என்றால் அவர் சொல்வதை நான் மறுக்கவில்லை.

கேள்வி: என்னிடம் இருப்பது பிஎஸ்ஆர்-ஈ463. ஸ்டைல் கிரியேட்டரைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், காணோம். — அறந்தாங்கி வாசகர்

அதில் இல்லை, தேட வேண்டாம். ஆனால் வேறு கீபோர்டில் செய்த ஸ்டைல் ஃபைலைப் பென்டிரைவில் கொண்டுவந்து அதில் ஏற்றி வாசிக்கலாம். நண்பர் யாரிடமாவது எஸ் வரிசையோ எஸ்எக்ஸ் வரிசையோ இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு அவர் வீட்டுக்குப் போங்கள்.

கேள்வி: நண்பர் செய்த ஸ்டைலை என் கீபோர்டில் ஏற்றினேன். அவர் கீபோர்டில் கேட்ட மாதிரி இல்லை. ஃபைல் கெட்டுவிட்டதா? — பழனி வாசகர்

கெடவில்லை. ஸ்டைல் ஃபைலுக்குள் ஒலி கிடையாது. எந்த ஸ்வரம், எப்போது, எவ்வளவு அழுத்தம், எத்தனையாவது வாய்ஸ் (வாத்திய ஒலி) என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கிறது. சமையல் குறிப்பைக் கொண்டுவந்தீர்கள், மளிகை உங்கள் வீட்டுடையது. நண்பரின் கீபோர்டில் இருக்கிற வாய்ஸ் உங்களுடையதில் இல்லாவிட்டால் வேறு ஏதோ ஒன்று அந்த இடத்தில் ஒலிக்கும். ஸ்டைலை ஓடவிட்டு எல்லாச் சேனலையும் ஆஃப் செய்துவிட்டு, ஒவ்வொன்றாகத் திறந்து கேளுங்கள். எங்கே மாறியிருக்கிறது என்று பிடிபட்டுவிடும். அந்தச் சேனலுக்கு மட்டும் உங்களிடம் உள்ளதில் நெருக்கமான வாய்ஸை மாற்றி, சத்தத்தையும் சரிபார்த்து, வேறு பெயரில் சேவ் செய்யுங்கள். நண்பரின் ஃபைல் அப்படியே இருக்கட்டும்.